முப்பது கிலோ திருச்சி

வெலிமடை டவுனில் உள்ள மரக்கறி மொத்தக் கடையொன்றின் தராசில் அன்று மாலை உருளைக்கிழங்கு மூட்டை ஏறவில்லை. நான்கு வெறும் பெட்டிகள் ஏறின. ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, முள் ஆடி நின்றதும் கடைக்கார அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

“வெறும் பெட்டியே நாலரைக் கிலோ. அப்ப ஆளுக்கு இருபத்தஞ்சரை தான் மிச்சம். என்னா செய்யப் போறீங்க?”

எங்கள் விமானச் சீட்டில் ஆளுக்கு 30 கிலோ என்று போட்டிருந்தது. அந்த இருபத்தைந்தரைக் கிலோவுக்குள் ஒரு கல்யாணம், ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா, ஒரு தையல் கடையின் ஆறு மாதச் சாமான், எனக்குச் சில புத்தகங்கள். இவ்வளவையும் வாங்கத் திருச்சியில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பகல். காலையில் இறங்கி, இரவு ஒரு லொட்ஜில் தலை சாய்த்து, மறுநாள் விடிய விமானம்.

நான்கு பேர் போனோம். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் அக்கா ஒருவர். டவுனில் தையல் கடை வைத்திருக்கும் தங்கச்சி. தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். எழுபது வயது, எங்கள் எல்லோருக்கும் பெரியப்பா. நான்காவது ஆள் நான். எனக்கென்று பெரிய தேவை எதுவும் இல்லை. “சும்மா வா, உன் கிலோவும் எங்களுக்கு வேணும்” என்று அக்கா வெளிப்படையாகவே சொல்லித்தான் கூட்டிப் போனார்.

இப்படிப் போகிறவர்கள் இப்போது ஊவாவில் கொஞ்ச நஞ்சமில்லை. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை என்று எந்த டவுனில் கேட்டாலும், கல்யாணத்துக்குச் சாரி எடுக்கத் திருச்சிக்குப் போய் வந்த வீடு ஒன்றைக் காட்டுவார்கள். வெலிமடையில் ரயில் கிடையாது, விமானமும் கிடையாது. இரவு ஒன்பதுக்கு வேன் ஏறி, கெப்பெட்டிப்பொல தாண்டி, ஹக்கலை, சீதாஎலிய, நுவரெலியா என்று மலை ஏறி இறங்கிக் கட்டுநாயக்கா போய்ச் சேர விடிந்துவிடும். அங்கிருந்து திருச்சிக்குப் பறக்கிற நேரம் ஒரு மணித்தியாலம்தான். கொழும்பை விடத் திருச்சி பக்கம் என்று அக்கா ஒரு கணக்குச் சொன்னார். பாதையில் நடுங்கும் இடுப்பைக் கொண்டு அளந்தால் அது சரிதான்.

சல்லிக் கணக்குக்கு வருவோம்; போகிறவர்கள் முதலில் போடுவது அதைத்தான். இந்திய ஒரு ரூபாய்க்கு நம்முடையது ஏறத்தாழ மூன்றரை ரூபாய். 2024இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு உயர்த்தப்பட்டிருந்தது. அதை மாற்றினால் திருச்சியில் 385 ரூபாய். சின்னக்கடை வீதியில் தினம் உடுக்கிற ஒரு சாதாரண சாரிக்குக் கிட்டத்தட்டச் சரி. போய்வர விமானச் சீட்டோ, ஒரு மாதம் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் தேறாத தொகை. பிறகு எதற்குப் போகிறார்கள்?

அக்காவின் கணக்கு இது. கல்யாணத்தில் பெண்ணுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு, அத்தை சித்தி மாமிமாருக்கு என்று நாற்பது சாரி வேண்டும். திருச்சியில் ஆயிரத்து ஐந்நூறுக்கு எடுக்கிற சாரி நம் காசில் 5,250. அதே மாதிரிச் சாரிக்குப் பதுளையில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் கேட்டிருக்கிறார்கள். சாரிக்கு மூவாயிரம் மிஞ்சினாலும் நாற்பதுக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம். அதில் சீட்டு, வேன், லொட்ஜ் எல்லாம் கழிந்து கையில் கொஞ்சம் நிற்கும். ஒரு சாரிக்காகப் போனால் நட்டம். ஒரு கல்யாணத்துக்காகப் போனால் இலாபம். கொழும்புப் புறக்கோட்டையில் தொங்கும் சாரிகளிலும் முக்கால்வாசி இந்தியாவிலிருந்து வருகிறவைதானே, நடுவில் நிற்கிற நாலு பேருக்குக் கொடுப்பதை நாமே வைத்துக்கொள்ளலாமே என்பது அவர் கட்சி. இந்தக் கணக்கில் அவர் சேர்க்காதது ஒன்றுண்டு: வந்த இடத்தில் மலிவாகத் தெரிகிறதே என்று தேவையில்லாமல் வாங்குவது. அதை யாருமே சேர்ப்பதில்லை.

திருச்சி விமான நிலையத்தின் புது முனையம் 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டு, அந்த வருடம் ஜூனிலிருந்து பாவனையில் இருக்கிறது. கோபுர வேலைப்பாடு, வண்ணச் சித்திரம் என்று கண்ணைப் பறிக்கிறது. அதை நின்று பார்க்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. கதவைத் தாண்டியதும் வெயில் வந்து முகத்தில் அறைந்தது. சித்திரை மாதத்துத் திருச்சி. நாற்பது டிகிரிக்குக் குறையாத வெக்கை. இடுப்பில் சுவெட்டரைக் கட்டிக்கொண்டு இறங்கிய வெலிமடைக்காரர் நால்வரையும் ஆட்டோக்காரர் ஒரு பார்வை பார்த்தார். “சிலோனா?” என்றார். நாங்கள் வாயே திறக்கவில்லை. சுவெட்டர் சொல்லிவிட்டது.

மலைக்கோட்டையின் அடிவாரத்தைச் சுற்றித்தான் திருச்சியின் கடைத்தெரு முழுவதும். தெப்பக்குளம், என்.எஸ்.பி. ரோடு, பெரிய கடை வீதி, சின்னக்கடை வீதி. பெயரில் சின்னது பெரியது என்று இருந்தாலும் சனம் இரண்டிலும் ஒன்றுதான். சாரதாஸ் போன்ற பெரிய துணிக்கடைக்குள் நுழைந்தால் நம் டவுன் சனம் முழுவதும் ஒரு மாடிக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். அக்கா அங்கே போய் உட்கார்ந்தவர், மூன்று மணித்தியாலம் எழும்பவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து கணக்குப் பார்த்தேன். ஒவ்வொரு சாரியையும் அவர் முதலில் தடவிப் பார்த்தார், பிறகு உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். விலையைக் கேட்டது மூன்றாவதுதான்.

“இது என்னா நிறை வரும் தம்பி?”

கடைப் பையனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. நிறம் பார்ப்பார்கள், கரை பார்ப்பார்கள், முந்தானையை விரிக்கச் சொல்லுவார்கள்; நிறை கேட்கிற ஆளை அவன் கண்டதில்லைப் போலிருக்கிறது. ஜரிகை கூடினால் நிறை கூடும். பட்டுச் சாரி ஒன்றை எடுத்தால் சாதாரண சாரி இரண்டை வைத்துவிட்டு வர வேண்டும். மணப்பெண்ணின் கூறைச் சாரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அக்கா அன்று நிறை பார்த்துத்தான் எடுத்தார்.

பில் போடுகிற இடத்தில் ஒரு சின்னக் குழப்பம். “கொஞ்சம் குறைக்க ஏலாதா?” என்று அக்கா கேட்க, “ஏலமெல்லாம் இங்க விடுறதில்லக்கா, ஃபிக்ஸட் ரேட்” என்றான் பையன். ஏலாது என்றால் முடியாது என்று அவனுக்கு விளக்கினேன். கதைப்பது, சல்லி, கோச்சி என்று நாம் பேசுகிற பல சொல் அங்கே எடுபடாது. அது பரவாயில்லை, மொழி பெயர்த்துக்கொள்ளலாம். மொழிபெயர்க்க முடியாத சங்கடம் காசு கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. தையல் தங்கச்சி பின்னாலுள்ள சந்துகளில் லேஸ், கொக்கி, நூல், லைனிங் துணி, பிளவுஸில் ஆரி வேலை செய்கிற மணி என்று கடை கடையாக ஏறி இறங்கினாள். ஐம்பது ரூபாய்ச் சாமானுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் எல்லாக் கடையிலும் ஒரே பதில்: “சில்லறை இல்லக்கா, ஜீபே பண்ணிடுங்க.”

ஜீபேக்கு எங்கே போவது? இதிலுள்ள வேடிக்கை இதுதான். ஜீபேக்குப் பின்னால் இருக்கிற இந்தியாவின் யுபிஐ முறை 2024 பெப்ரவரியில் இலங்கைக்கும் வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் தங்கள் போனைக் காட்டி நம் கடைகளில் காசு கட்டலாம். நம் போனைக் கொண்டுபோய்ச் சின்னக்கடை வீதியில் காட்டினால் ஒன்றும் நடக்காது. 2024இல் மட்டும் நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வெலிமடைப் பாதையில் இருக்கிற சீதாஎலிய அம்மன் கோயிலுக்கு வந்து, ஆற்றங்கரைப் பாறையில் அனுமனின் பாதம் என்று காட்டுகிற பள்ளங்களைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இராமாயணம் பார்க்க அவர்கள் நம் பக்கம் வருகிறார்கள். நாம் அவர்கள் பக்கம் சாரி எடுக்கப் போகிறோம்.

பெரியப்பாவின் லிஸ்ட் தனி. அம்மனுக்குச் சிவப்புச் சாரி இரண்டு, மஞ்சள் ஒன்று, பித்தளைக் குத்துவிளக்கு ஒரு சோடி, கைமணி, தீபத்தட்டு, சாமி அலங்காரத்துக்குக் கல் வைத்த கிரீடம். தோட்டத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துச் சேர்த்த காசு. சதத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவர் எல்லாக் கடையிலும் பில்லை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பில் தராத ஒரு கடையிலிருந்து, நல்ல கைமணியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். குத்துவிளக்கு மட்டும் சோடி ஒன்பது கிலோ. எங்கள் மூன்று பேருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டே அதற்குக் காசு கொடுத்தார்.

மத்தியானம் காந்தி மார்க்கெட் பக்கம் போனது என் ஆசைக்காக. மரக்கறி ஊர்க்காரருக்கு அடுத்த ஊர் மரக்கறிச் சந்தையைப் பார்க்காமல் வர மனம் கேட்காது. உருளைக்கிழங்கு மூட்டைகள் மலை மாதிரி அடுக்கியிருந்தன. பெரியப்பா ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கீறினார். “வெலிமடைக் கிழங்குக்குக் கிட்டவும் வராது” என்றார். பிறகு விலையைக் கேட்டார். நம் காசுக்கு மாற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்தியக் கிழங்கும் வெங்காயமும் கப்பலில் வந்து இறங்கும்போதெல்லாம் வெலிமடைத் தோட்டக்காரன் ஏன் ரோட்டுக்கு வருகிறான் என்பது அந்த விலையிலேயே தெரிந்தது. எனக்கு அதில் ஒரு குற்ற உணர்ச்சியும் இருந்தது. கிழங்கு அங்கிருந்து வரக்கூடாது, சாரி மட்டும் வரலாம் என்றால் அது என்ன நியாயம்? புறக்கோட்டைச் சாரிக்கடைக்காரரைக் கேட்டால் அவரும் இதையே கேட்பார்.

எங்கள் வீட்டில் திருச்சி என்ற பெயர் மூன்று தலைமுறையில் மூன்று விதமாகச் சொல்லப்பட்டது. பாட்டிக்கு அது ஊர். முசிறிப் பக்கம். அவர் காலத்தில் கொழும்பில் இரவு ரயில் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, மறுபடி ரயில். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு வந்த வழி அது. காது குத்து, கோயில் கொடை, சாவு என்று ஊருக்குப் போய்வந்த கதைகளைப் பாட்டி நேற்று நடந்த மாதிரிச் சொல்லுவார்.

அம்மாவுக்குத் திருச்சி ஒரு பயம். 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பத்து வருடம் கழித்து, 1974இல், ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கையெழுத்து காய்ந்து இரண்டு மாதம் ஆகுமுன்னே, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே கடலுக்குள் போனது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் ஸ்டேஷனில் கட்டிப் பிடித்து அழுத சனத்தை ஏற்றிக்கொண்டு போன ரயிலைப் பெரியவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அம்மா சின்ன வயதில் குழப்படி செய்தால், “உன்னையும் கப்பல்ல ஏத்தி விட்ருவேன்” என்று மிரட்டுவார்களாம். 1984இல் யுத்தத்தோடு கப்பலும் நின்றது. அம்மா கடைசி வரைக்கும் இந்தியாவுக்குப் போகவில்லை, போக ஆசைப்பட்டதும் இல்லை.

எனக்குத் திருச்சி கடை. இதை வெட்கப்படாமல் எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். முசிறி எந்தத் திசையில் இருக்கிறது என்று நான் ஆட்டோக்காரரிடம் கேட்கவில்லை. சாரதாஸ் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டேன். வடக்கில் உள்ளவர்களுக்கு 2023 ஒக்டோபரிலிருந்து காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல் வந்திருக்கிறது, 2025 மார்ச் முடிவிலிருந்து யாழ்ப்பாணம் – திருச்சி விமானமும் பறக்கிறது. அவர்களும் அநேகமாக இப்படித்தான் போகிறார்கள்: கோயில், ஆஸ்பத்திரி, சாரி.

வெயில் இறங்கிய பிறகு ஸ்ரீரங்கம் போனோம். மலைக்கோட்டையில் ஏறுவது என்பது காலையிலேயே கைவிட்ட யோசனை. நானூறு சொச்சம் படி. அக்கா கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, உச்சிப் பிள்ளையாருக்குச் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஸ்ரீரங்கத்து இராஜகோபுரத்துக்கு முன்னால் நின்று பெரியப்பா ஒரு விசயம் சொன்னார். பாட்டிமார் பார்த்தது இந்தக் கோபுரம் இல்லை. அவர்கள் காலத்தில் இது மொட்டைக் கோபுரம். விஜயநகர அரசர் காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன கல் வேலை நானூறு வருடம் அப்படியே கிடந்தது. 13 நிலை, 236 அடி என்று இன்றைக்கு நிற்பது 1987இல்தான் கும்பாபிஷேகம் கண்டது. பழமை என்று நாம் அண்ணாந்து பார்க்கிற கோபுரத்துக்கு அக்காவை விட வயது குறைவு.

உள்ளே ஏழு பிராகாரம். நடந்து முடியாது. ஆனால் அங்கே படுத்திருக்கிறவரின் கதை இலங்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. பட்டாபிஷேகம் முடிந்து ஊர் திரும்பும் விபீஷணனுக்கு இராமன் கொடுத்தனுப்பியது அந்த ரங்கநாதரை. வழியில் எங்கும் கீழே வைக்கக்கூடாது என்பது நிபந்தனை. காவிரிக்கரையில் சந்தி பண்ண இறங்கியவன், நின்ற ஒரு பையனின் கையில் கொடுக்க, பையன் கீழே வைத்துவிட்டான். சாமி அப்படியே வேரூன்றிவிட்டார். விரட்டிக்கொண்டு போன விபீஷணன் மலையுச்சியில் பையனைப் பிடித்துத் தலையில் குட்டினான். அந்தப் பையன்தான் உச்சிப் பிள்ளையார். விபீஷணன் அழுததைப் பார்த்து, தெற்கே இலங்கையைப் பார்த்தபடியே படுத்திருப்பேன் என்று ரங்கநாதர் வாக்குக் கொடுத்தாராம்.

திருச்சியில் சாமானைத் தூக்க முடியாமல் வைத்துவிட்டுப் போன முதல் இலங்கைக்காரர் விபீஷணன்தான் என்று நான் சொன்னதற்கு அக்கா சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலை லொட்ஜில் கைத்தராசைக் கொக்கியில் மாட்டித் தூக்கியபோது, பெரியப்பாவின் பெட்டி 34 காட்டியது. என்னுடையது அவருடைய விளக்கோடு 31. அப்போது சிரித்தார். கடைசியில் அந்த லொட்ஜில் வேரூன்றியது என்னுடைய புத்தகக் கட்டும், அக்கா மலிவாகக் கிடக்கிறதே என்று வாங்கிய எவர்சில்வர் அண்டாவும்.

ஆனால் அதற்கு முந்தின இரவில் சத்திரம் பஸ் நிலையத்தில் நடந்ததை எழுத வேண்டும்.

பெரியப்பாவின் மூத்த அக்கா, எங்களுக்கு அத்தை, 1972இல் இந்தியாவுக்குப் போனவர். கல்யாணமான புதிது, வயது இருபத்து மூன்று. புருசன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்ததால் அவரும் போக வேண்டியிருந்தது. துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். இது அவர்கள் சந்திக்கிற மூன்றாவது தடவை. பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து, ஒரு துணிப்பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அழுகை ஒன்றும் இல்லை. மெலிந்துவிட்டாய் என்றார், பல்லைக் கட்டிக்கொள்ளக் கூடாதா என்றார். பையைத் திறந்து தன் வீட்டு மரத்துப் புளி என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குறைந்தது இரண்டு கிலோ.

பெரியப்பா ஒரு தேயிலைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உண்மையில் தோட்டத்துத் தூளைத்தான் கட்டி வைத்திருந்தார். இரவு வேன் வந்த அவசரத்தில் அது காம்பரா வாசலிலேயே நின்றுவிட்டது. கட்டுநாயக்காவில் வாங்கியது இது. தங்க நிறப் பெட்டி, யானைப் படம் போட்டது.

அத்தை அங்கேயே பெட்டியைப் பிரித்தார். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஐம்பத்து மூன்று வருடமாகக் கொழுந்தைத் தொடாத கை.

“இது நம்ம பக்கத்துத் தூள் இல்லடா. வேற எங்கயோ உள்ளது.”

“ஏர்போட்ல வாங்குனது அக்கா. மறந்துட்டேன்.”

“அடுத்த தடவ மறக்காமக் கொண்டா” என்று பெட்டியை மூடினார். துறையூர் பஸ் வந்து நின்றது. பேரன் ஓடிப்போய் இடம் பிடித்தான். அத்தை படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிக் கேட்டார்.

“ஊர்ல இப்ப மழையா?”

அந்தப் பேரன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, துளி மேகம் இல்லாத திருச்சி வானத்தைப் பார்த்தான்.

“காலைல நல்ல மழை அக்கா” என்றார் பெரியப்பா. “ஹக்கலைப் பக்கம் ஒரே மூடம்.”